மூன்றாம் பெட்டியின் முதல் வாடிக்கையாளன்

பஞ்சானன் கயேன் மேஜைமேல் இரண்டு கறுப்பு உருண்டைகளை வைத்தான். கொண்டைக்கடலை அளவு. அரை அடி இடைவெளி விட்டு வைத்தான், ஒன்றின் வாடை இன்னொன்றில் பட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"ஒண்ணு என்னுது. ஒண்ணு தீனு ஹால்தாரோடது. எது யாருதுன்னு சொல்லுங்க, தீதி."

இந்திராணி லாஹிரி முதலாவதை வாயில் போட்டுக் கரைத்தாள். தண்ணீர் குடித்தாள். இரண்டாவதைப் போட்டாள்.

"சாட்சியத்தைத் தின்னாச்சு," என்றான் ஜன்னலோரம் பொரி கொறித்துக்கொண்டிருந்த பிஷ்டு. "இனிமே கேஸ் தீதி வயித்துலதான் நடக்கும்."

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் இந்திராணி.

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன்," என்றான் பஞ்சானன். "ரெண்டும் ஒண்ணுன்னா, ஏன் அவனுது மட்டும் விக்குது?"

சியால்தா ஸ்டேஷனுக்குப் பின்னால், அச்சகத்து மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். இந்திராணி அதற்கு முன் விளம்பரக் கம்பெனி ஒன்றில் சோப்புக்கும் தேயிலைக்கும் சிமென்ட்டுக்கும் வாசகம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவரை எப்படி நம்ப வைப்பது என்று வருடக்கணக்கில் படித்தவளுக்கு, ஒருவர் எப்படி நம்பினார் என்று கண்டுபிடிப்பது அதே சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது மாதிரிதான். பிஷ்டு அவளுடைய உதவியாளன். வாயை மூடத் தெரியாதவன் என்பது அவனுடைய ஒரே குறை. அது சிறிய குறை என்று யாரும் சொன்னதில்லை.

பஞ்சானன் தன் கதையைச் சொன்னான். மாலையில் சியால்தாவிலிருந்து புறப்படும் கேனிங் லோக்கல் ரயில். அதில் மூன்றாம் பெட்டி. அவன் அதில் ஜீரண உருண்டை விற்கிறான். தீனு ஹால்தாரும் அதே பெட்டியில் அதே உருண்டையை விற்கிறான். ரயில் வியாபாரிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு சரக்கு, ஒரு நேரத்தில் ஒரே ஆள். இரண்டு பேர் இருந்தால் ஒரு நாள் இவன், ஒரு நாள் அவன். ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போது அதே சரக்குக்காரன் அந்தப் பெட்டியில் காலை வைக்கக் கூடாது.

இருவருக்கும் பாருய்ப்பூரில் ஒரே ஆள்தான் உருண்டை பிடித்துக் கொடுக்கிறார், ஒரே மூட்டையிலிருந்து. ஆனால் தீனுவின் டின் சோனார்பூர் வருவதற்குள் காலியாகிவிடுகிறது. பஞ்சானனின் டின் அவனோடு சம்பாஹாட்டி வரை வந்து, வீட்டுப் பரணில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

"பேச்சு?" என்றாள் இந்திராணி. "ரயில்ல சரக்கை விக்கிறது பேச்சுதானே."

பஞ்சானன் தரையைப் பார்த்தான். பேச்சும் ஒன்றுதான் என்றான். தீனுவின் பேச்சை அவன் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தான். தீனு எந்த இடத்தில் தொண்டையைச் செருமுவானோ, அந்த இடத்தில் இவனும் செருமுவான்.

"சளியக்கூட விட்டு வைக்கல," என்றான் பிஷ்டு.

வரும் ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் கமிட்டி கூடுகிறது. பூஜை சீசனுக்கு முன்னால் மூன்றாம் பெட்டியை யாராவது ஒருவருக்கே முழுதாகக் கொடுத்துவிடுவது என்று பேச்சு. விற்கிறவனுக்குத்தான் பெட்டி. மற்றவன் மத்தியான வண்டிக்குப் போக வேண்டும். மத்தியான வண்டியில் பயணிகளைவிட ஈக்கள் அதிகம்.

அவனிடம் ஒரு சந்தேகமும் இருந்தது. கடலை விற்பவன் சொன்னானாம்: தீனு பேசி முடித்ததும், கதவோரம் குடையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவன்தான் ஒவ்வொரு முறையும் முதலில் காசை நீட்டுகிறான். ஒருவன் வாங்கினால் பத்துப் பேர் வாங்குவார்கள்.

"அந்தக் குடைக்காரன் தீனு செட் பண்ணின ஆளு, தீதி. பிடிச்சுக் குடுங்க. கமிட்டி முன்னாடி நிறுத்தறேன். ஆள் வச்சு விக்கிறவனுக்கு இந்த லைன்லயே இடம் கிடையாது."

"தீனு எப்படிப்பட்ட ஆளு?"

பஞ்சானனின் முகம் கோணியது. "அவனுக்கென்ன. பல்லு வரிசையா இருக்கு. பொம்பளைங்க சிரிச்சுக்கிட்டே வாங்குறாங்க. என் பொண்டாட்டி ஷேபாலி ஒரு நாள் சொன்னா, தீனு சட்டையை எவ்வளவு நல்லா தேச்சுப் போட்டுக்கிறான் பாருங்கன்னு. அன்னையிலேர்ந்து அவ வச்ச மீன் குழம்புல எனக்கு ருசியே தெரியல."

"அதுக்கும் ஒரு உருண்டை போட்டுப் பாக்கலாம்ல," என்றான் பிஷ்டு.

அன்று பஞ்சானனின் முறை. இந்திராணியும் பிஷ்டுவும் மூன்றாம் பெட்டியில் ஏறினார்கள். நிற்க இடமில்லை. முழங்கால்களின்மேல் செய்தித்தாளை விரித்து நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தினமும் அதே இருக்கை, அதே சண்டை. வண்டி நகர்ந்ததும் பஞ்சானன் டின்னைத் தட்டி ஆரம்பித்தான்.

"தாதாமாரே, தீதிமாரே, நான் மருந்து விக்க வரல. மருந்துக்கடைக்காரன் பொழப்பைக் கெடுக்க வந்திருக்கேன். முதல்ல உப்புத் தட்டும். பயப்படாதீங்க. அடுத்து புளிப்பு. ஒரு கண்ணு தானா மூடும். மூடட்டும். பொறுங்க, பொறுங்க..." இங்கே தொண்டையைச் செருமினான். "இப்ப நாக்கு ஓரத்துல லேசா ஒரு இனிப்பு வருதா? அது நெல்லிக்காய். அந்த இனிப்பு வந்தாச்சுன்னா உள்ளே வயித்துல வேலை ஆரம்பிச்சாச்சு."

இந்திராணிக்குச் சுருக்கென்றது. நல்ல வாசகத்தைக் கேட்டால் அவளுக்கு இன்றும் அப்படித்தான் ஆகும். சிமென்ட்டுக்கு அவள் எழுதிய எந்த வரியும் இதன் பக்கத்தில் நிற்காது. இதை எழுதியவன் எந்தக் கம்பெனியிலும் சம்பளம் வாங்கவில்லை என்பது இன்னும் உறுத்தியது.

ஆனால் பெட்டிக்கு உறுத்தவில்லை. "இனிப்பு வருது, வருது, டீக்கடையில போட்ட சர்க்கரை," என்றார் சீட்டாடுகிறவர்களில் ஒருவர். மாமியார் வாய்க்கு ஏதாவது உருண்டை உண்டா என்று இன்னொருவர் கேட்டார். பிஷ்டுவும் சும்மா இருக்கவில்லை. கண் மூடினால் பாக்கெட்டில் கை வைப்பவன் யார் என்று கேட்டுப் பெட்டியையே சிரிக்க வைத்தான். பேச்சு முடிந்ததும், கை நீட்டியவர்களுக்கு மட்டும் பஞ்சானன் ஆளுக்கொரு உருண்டை ருசி பார்க்கக் கொடுத்தான். வாங்கி வாயில் போட்டவர்கள் மறுபடி சீட்டில் மூழ்கினார்கள். டின் கனத்தது.

"நீ நம்ம கட்சிக்காரருக்கு உதவ வந்திருக்கேன்னு நினைச்சேன்," என்றாள் இந்திராணி இறங்கும்போது.

"கூட்டம் நம்ம பக்கம் இருந்துச்சு தீதி. விட மனசு வரல."

மறுநாள் தீனுவின் முறை. தீனு நரைத்த, ஒல்லியான மனிதன். பஞ்சானன் சொன்னதில் பல்லும் தேய்ப்பும் மட்டுமே உண்மை. தேய்த்த அந்தச் சட்டையின் காலர் நைந்திருந்தது. வண்டி சியால்தாவில் நின்றுகொண்டிருக்கும்போதே அவன் பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக நடந்து, ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஓர் உருண்டையை வைத்தான். "சும்மாதான், சும்மாதான்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி நகர்ந்ததும் பேச ஆரம்பித்தான். நேற்றுக் கேட்ட அதே பேச்சு. செருமல்கூட அதே இடத்தில்.

இந்திராணி பேச்சைக் கவனிக்கவில்லை. அவள் கண் கதவோரத்துக் குடைக்காரன்மேல் இருந்தது. முப்பது வயதிருக்கும். அப்பாவி முகம். வயிற்றில் வேலை ஆரம்பிச்சாச்சு என்று தீனு முடித்ததுதான் தாமதம், குடைக்காரன் காசை நீட்டினான். அடுத்து ஓர் ஆசிரியை. அடுத்து சீட்டாட்டக்காரர்கள் நால்வரும். பெட்டி முழுக்கக் கைகள்.

"பாத்தியா?" என்றாள் இந்திராணி. பிஷ்டு தலையை மட்டும் ஆட்டினான். குடைக்காரனைப் பின்தொடரச் சொல்லிவிட்டு அவள் கரியாவில் இறங்கிக்கொண்டாள்.

வீடு திரும்பிச் சோற்றில் கை வைக்கும்போது போன் வந்தது. பிஷ்டுவின் குரலில் பழைய தெம்பு. குடைக்காரன் சம்பாஹாட்டியில் இறங்கினானாம். மீன் சந்தையைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, தகரக் கூரை போட்ட ஒரு வீட்டுக் கதவைத் தட்டினானாம்.

"கதவைத் திறந்தது யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

"தீனு?"

"நம்ம கட்சிக்காரர். லுங்கியோட. 'வாடா பதாய், சாப்பிட்டியா'ன்னு கேட்டார். விசாரிச்சுட்டேன் தீதி, குடைக்காரன் ஷேபாலியோட தம்பி. பஞ்சானன் வீட்டுலயே தங்கி, பஞ்சானன் சோத்தையே தின்னுட்டு, தீனுகிட்ட உருண்டை வாங்குறான்."

மறுநாள் காலை பஞ்சானனும் பதாயும் இந்திராணியின் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சானன் மைத்துனன் பக்கம் திரும்பவில்லை. பதாய் குடையை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னான். தீனுவின் பேச்சை மொபைலில் பதிவு செய்து வரச் சொல்லி அவனை அந்தப் பெட்டிக்கு அனுப்பியதே பஞ்சானன்தான். சந்தேகம் வராமல் இருக்க அன்று ஒரு பாக்கெட் வாங்கினான். அதைச் சாப்பிட்டு வயிறு லேசாக இருந்தது. வேலைவிட்டு வருவதும் அதே வண்டிதான். அடுத்த முறையும் வாங்கினான். பிறகு பழக்கமாகிவிட்டது.

"பரண்ல டின் டின்னா கெடக்கேடா," என்றான் பஞ்சானன். "எடுத்துத் தின்னு தொலைய வேண்டியதுதானே?"

"தின்னு பாத்தேன், ஜாமாய்பாபு. அது... அந்த மாதிரி இல்ல," என்றான் பதாய் அக்கா புருஷனிடம்.

பஞ்சானன் அடி வாங்கியவன்போல நாற்காலியில் சாய்ந்தான். தீனு அவனுடைய பெட்டியை எடுத்துக்கொண்டான், மனைவியின் வாயிலிருந்து ஒரு பாராட்டை எடுத்துக்கொண்டான். இப்போது அவனுடைய சொந்தப் பரணில் இருந்த உருண்டையின் ருசியையும் எடுத்துக்கொண்டுவிட்டான்.

"கமிட்டி முன்னாடி தாராளமா நிறுத்துங்க," என்றான் பிஷ்டு. "என் மச்சானுக்கே என் சரக்குப் பிடிக்கலன்னு ஒரு தீர்மானம் போட்டுடுவாங்க."

இந்திராணி சிரிக்கவில்லை. பதாய் சொன்ன கடைசி வார்த்தையிலேயே நின்றிருந்தாள். அதே மூட்டை, அதே நாக்கு. வீட்டில் ஒரு ருசி, ரயிலில் ஒரு ருசி. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? அவள் பதாயிடம் பதிவைப் போடச் சொன்னாள். தாதாமாரே, தீதிமாரே என்று தொடங்கியது. எப்போது பொத்தானை அழுத்தினாய் என்று கேட்டாள். அவர் பேச ஆரம்பித்ததும் என்றான் பதாய்.

"பஞ்சானன், நீங்க தீனு விக்கிறதை ஒரு தடவையாவது கண்ணால பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அவன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்தப் பெட்டியில ஏறவும் கூடாது. கேட்டதோட சரி. அதான் முழுசா மனப்பாடம் பண்ணியாச்சே."

இந்திராணி எழுந்து ஜன்னலுக்குப் போய் வந்தாள். பிஷ்டுவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"முந்தாநாள் அந்தப் பெட்டியில நீ எத்தனை ஜோக் அடிச்சே?"

"ஏழெட்டு இருக்கும்."

"நேத்து?"

பிஷ்டு யோசித்தான். "ஒண்ணுகூட இல்லையே," என்றான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தீனுவின் அடுத்த முறை வந்தபோது, சியால்தா நடைமேடையில் மூன்றாம் பெட்டிக்கு எதிரே இந்திராணி பஞ்சானனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நடைமேடையில் நிற்பதைக் கட்டுப்பாடு தடுக்கவில்லை. ஆனால் அவன் ரயிலுக்கு முதுகைக் காட்டி நின்றான். டீக்கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

"திரும்புங்க."

"என்னால முடியாது, தீதி."

"அவன் மூஞ்சியப் பாக்க வேண்டாம். வாயையும் பாக்க வேண்டாம், அது உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. கையை மட்டும் பாருங்க."

பஞ்சானன் திரும்பினான். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் தீனு நடந்துகொண்டிருந்தான். ஒரு கை டின்னுக்குள் போனது, வந்தது. ஓர் உள்ளங்கை, அடுத்த உள்ளங்கை. கேட்டவர், கேட்காதவர், தூங்கியவர், முறைத்தவர். ஒருவரையும் விடவில்லை.

"எல்லாருக்கும் ஓசியில தர்றான்," என்றான் பஞ்சானன். "பைத்தியக்காரன். நான் வாங்குற மூஞ்சியா பாத்துத்தான் குடுப்பேன். அதுவும் கடைசியில."

தீனு அந்த ஜன்னலுக்கு வந்தான். வெளியே நிற்பது யார் என்று பார்த்தான். ஒரு கணம் தயங்கினான். பிறகு கம்பி வழியே கையை நீட்டி, பஞ்சானனின் உள்ளங்கையிலும் ஓர் உருண்டையை வைத்தான்.

"சும்மாதான்," என்றான்.

வண்டி ஊதியது. பஞ்சானனுக்கு அதை எறியவும் தோன்றவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. வாயில் போட்டான். பெட்டி நகர, தீனுவின் குரல் ஜன்னலோடு நகர்ந்தது. முதல்ல உப்புத் தட்டும். பஞ்சானனின் நாக்கில் உப்புத் தட்டியது. அடுத்து புளிப்பு. அவனுடைய இடது கண் தானாக மூடியது. மீதிப் பேச்சு அடுத்த ஸ்டேஷனான பார்க் சர்க்கஸ் பக்கம் போய்விட்டது. ஆனால் அவன் அங்கேயே ஒற்றைக் கண்ணோடு நின்று, இனிப்பு வரும்வரை காத்திருந்தான்.

"அடப்பாவி," என்றான் மெதுவாக. திட்டுவதுபோல் தொடங்கிய வார்த்தை, முடியும்போது திட்டாக இல்லை.

சனிக்கிழமை அவனுடைய முறை. ஞாயிற்றுக்கிழமைத் தீர்ப்புக்கு முன் கண்ணால் பார்த்துவிடலாம் என்று கமிட்டிச் செயலாளர் நகுல் தாஸ் அதே பெட்டியில் வந்து உட்கார்ந்திருந்தார். வண்டி நிற்கும்போதே பஞ்சானன் கொடுக்க ஆரம்பித்தான். முதல் சில கைகளுக்குப் பிடுங்கிக் கொடுப்பதுபோலக் கொடுத்தான். சீட்டாட்டக்காரர், "இன்னைக்கு மழைதான், பஞ்சு ஓசியில தர்றான்" என்றார். அவர் கையிலும் வைத்தான். செயலாளர் கையிலும் வைத்தான். வண்டி நகர்ந்தது. டின்னைத் தட்டினான்.

உப்பு என்றான். யாரும் எதுவும் சொல்லவில்லை. புளிப்பு என்றான். பெட்டியில் பாதிக் கண்கள் மூடின. ஒருவரையொருவர் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டார்கள், ஆனால் வாயைத் திறக்காமல். பொறுங்க என்று செருமினான். இனிப்பு வருதா என்று கேட்டபோது, சீட்டைக் கையில் விசிறிபோல் பிடித்திருந்த நால்வரும் சேர்ந்து தலையாட்டினார்கள். கதவோரத்தில் ஒரு கை காசோடு எழுந்தது. அது பதாயின் கை. ஆனால் ஆசிரியையின் கை அதற்கு முன்பே எழுந்திருந்தது.

கரியாவுக்கும் சோனார்பூருக்கும் நடுவில் பஞ்சானன் டின்னைக் கவிழ்த்துத் தட்டினான். தூள்தான் விழுந்தது. நகுல் தாஸ் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, ரெண்டு பேரும் விற்கும்போது பெட்டியை எதற்குப் பிரிக்க வேண்டும், இருக்கிறபடியே முறை வைத்து ஓடட்டும், நாளை கமிட்டியிலும் இதைத்தான் சொல்வேன் என்றார்.

பஞ்சானன் காலி டின்னை மார்போடு அணைத்துக்கொண்டான். முகத்தில் நிம்மதி இருந்தது. அதன் ஓரத்தில் பழைய அரிப்பும் கொஞ்சம் இருந்தது.

"தீனு இதை எவன்கிட்ட கத்துக்கிட்டிருப்பான், தீதி?"

"அதைக் கண்டுபிடிக்க நீங்க என்னைத் திரும்ப அமர்த்தணும்," என்றாள் இந்திராணி.

பிஷ்டு கடைசித் துணுக்கை நாக்கால் தேடி விழுங்கினான். வாய் காலியானதும் வழக்கம்போல் முதலில் கேட்டவன் அவன்தான். "பேச்சு மாறல. சரக்கு மாறல. அப்புறம் எப்படி?"

"வரிசை மாறிச்சு. அவர் பேசிட்டு உருண்டை குடுத்தார், தீனு உருண்டையைக் குடுத்துட்டுப் பேசினான். வாயில உருண்டை இருக்கிறவன் எதிர்த்துப் பேச மாட்டான். அதனாலதான் நீயே வாயைத் திறக்கல. உப்புன்னு சொன்னா உப்பு, புளிப்புன்னா புளிப்பு, இனிப்புன்னா இனிப்பு. மூணுக்கும் அவங்க நாக்கே சாட்சி. மூணு நிஜமானதும், நாலாவதா வயித்தைப் பத்திச் சொல்றதையும் நம்பிடறாங்க."